தோல் புற்றுநோயில் வைரஸ்: இருந்தது என்பதும் செய்தது என்பதும்

2025 ஜூலை கடைசியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. நாலைந்து நாளில் அது உலகம் முழுக்கச் செய்தியாகி, என் வாட்ஸ்அப்பில் மட்டும் மூன்று குழுக்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. செய்திகளின் சாரம் இதுதான்: நம் எல்லோர் தோலிலும் சாதாரணமாக இருக்கும் ஒரு வைரஸ், நேரடியாகவே தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் இந்த வரியில் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு வகையில் சரிதான். மொத்தமா சேர்த்துப் படிச்சாதான் தப்பான படம் கிடைக்குது. அந்தக் கட்டுரை உண்மையில் எதைக் காட்டியது, செய்தி எதைச் சேர்த்தது, இந்தத் துறையில் நாற்பது ஐம்பது வருடமாக நடக்கும் சண்டையில் இது எங்கே பொருந்துகிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். வழக்கம்போல முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ராத்திரி பேப்பர் படிக்கிறது ஒரு வியாதி, அவ்வளவுதான்.

முதலில் கட்டுரை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்களிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். நெற்றியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலின் மேல் அடுக்கில் இருக்கும் கெரட்டின் செல்களில் வரும் புற்று இது. வெள்ளைத் தோல்காரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. பெரும்பாலும் வெட்டி எடுத்தால் கதை முடிந்துவிடும். இவருக்கு முடியவில்லை. அறுவை சிகிச்சை, இம்யூனோதெரபி எல்லாம் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தது. வாயிலும் தோலிலும் மருக்கள் வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர் டிஎன்ஏ-வில் ஏற்படுத்தும் சேதத்தை இவருடைய செல்களால் சரிசெய்ய முடியவில்லையோ என்பதுதான் முதல் சந்தேகம்.

சோதித்துப் பார்த்தால் அந்த ரிப்பேர் வேலை ஒழுங்காகவே நடக்கிறது. கோளாறு வேறு இடத்தில். ஸாப்70 என்ற ஜீனில் பிறவியிலேயே ஒரு குறை. நம் உடம்பின் டி செல்கள் எதிரியை அடையாளம் கண்டவுடன் உள்ளே ஒரு சிக்னல் போகவேண்டும்; அந்த வயரிங்கில் ஸாப்70 ஒரு முக்கியமான கண்ணி. இவருக்கு அந்த சிக்னல் பலவீனம். இன்னொரு பக்கம், கட்டியின் டிஎன்ஏ-வைப் படித்துப் பார்த்தபோது, பீட்டா வகை ஹெச்பிவி வைரஸின் டிஎன்ஏ புற்றுசெல்லின் டிஎன்ஏ-வுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, வைரஸ் புரதங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பிறகு ஸ்டெம் செல் மாற்று செய்து அவருடைய நோய் எதிர்ப்பு அமைப்பையே புதிதாக்கினார்கள். புற்று போனது. மருக்களும் போயின. மூன்று வருடத்துக்கும் மேலாகத் திரும்பவில்லை.

அருமையான வேலை. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உயிர் திரும்பக் கிடைத்திருக்கிறது. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் காரணத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். என் குறை, இந்த ஒரு நெற்றியிலிருந்து எல்லோருடைய நெற்றிக்கும் தாவிய செய்தி மேல்.

ஏன் தாவக்கூடாது? இதற்கு பீட்டா ஹெச்பிவி பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும். ஹெச்பிவி என்றதும் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது ஆல்ஃபா குடும்பம்; 16, 18 என்று எண் போட்டு அழைப்பார்கள். ஹெரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த வைரஸ். பீட்டா குடும்பம் வேறு. அது தோலில், குறிப்பாக முடிக்கால்களில் குடியிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேட என்ன செய்கிறார்கள் தெரியுமா? புருவத்திலிருந்து நாலு முடியைப் பிடுங்கிப் பரிசோதிக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஏதோ ஒரு பீட்டா வகை அகப்படும். சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

இப்படி எல்லோரிடமும் இருக்கும் ஒன்றை ஒரு கட்டியில் கண்டுபிடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? சர்வர் விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்த புராசஸ்களில் லாகிங் சர்வீஸும் இருந்தது, எனவே அதுதான் குற்றவாளி என்பது மாதிரி. அது எப்பவுமே ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்!

இந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு ஆய்வைச் சொல்லியாகவேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த ஓலா ஃபோர்ஸ்லுண்டும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்டது. அதற்கு முன்பே பல ஆய்வுகள் தோல் கட்டிகளில் ஹெச்பிவி டிஎன்ஏ நிறைய இருப்பதாகச் சொல்லியிருந்தன. இவர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: கட்டியில் இருக்கிறதா, கட்டியின் மேல் இருக்கிறதா? முதலில் கட்டியின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து ஒரு மாதிரி எடுத்தார்கள். பிறகு செலோ டேப் ஒட்டி ஒட்டி உரித்து, மேலே படிந்த செத்த செல்களை எல்லாம் நீக்கிவிட்டு, அதே கட்டியிலிருந்து சதை மாதிரி எடுத்தார்கள். 229 பேர். மேற்பரப்பில் 69 சதவீதம் பேருக்கு ஹெச்பிவி இருந்தது. உரித்த பிறகு எடுத்த சதையில் 12 சதவீதம்.

ஒரு செலோ டேப்! பிசிஆர் எந்திரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், மாதிரியை எங்கிருந்து எடுத்தோம் என்பதில் சறுக்கினால் அது அழகாகத் தப்பான விடையைத் தரும். இந்த ஒரு ஆய்வுக்குப் பிறகு, "கட்டியில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எங்கே படித்தாலும் முதலில் எப்படி மாதிரி எடுத்தார்கள் என்று தேடிப் பார்ப்பேன். நீங்களும் தேடுங்க.

அப்படியானால் ஒரு வைரஸ் தோல் புற்றுக்குக் காரணம் என்று எப்படித்தான் நிரூபிப்பது? அதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. மெர்க்கல் செல் கார்சினோமா என்று ஒரு அரிய, மோசமான தோல் புற்று. வயதானவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் வருவது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வருகிறது என்றாலே ஏதோ தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் எழும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதி இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1994-ல் கபோசி சார்கோமாவின் வைரஸைக் கண்டுபிடித்த அதே ஜோடி.

அவர்கள் செய்தது எங்கள் தொழிலில் தினமும் செய்கிற வேலை: டிஃப். கட்டியில் வெளிப்படும் ஆர்என்ஏ வரிசைகளைக் கிட்டத்தட்ட 4 லட்சம் படித்தார்கள். அதில் மனித ஜீனோமோடு பொருந்துவதை எல்லாம் கழித்தார்கள். மிஞ்சியது சில ஆயிரம். அந்தச் சில ஆயிரத்தில் ஒரே ஒரு வரிசை, ஏற்கெனவே தெரிந்த பாலியோமா வைரஸ்களோடு ஒத்துப்போனது. அந்த நூல் முனையைப் பிடித்து இழுத்து முழு வைரஸையும் எடுத்தார்கள். 2008-ல் சயின்ஸ் இதழில் வந்தது. முதலில் சோதித்த 10 கட்டிகளில் 8-ல் இருந்தது.

என்னை அசத்தியது அதற்கடுத்த படி. வைரஸ் டிஎன்ஏ புற்றுசெல்லின் ஜீனோமில் ஒட்டியிருந்தது மட்டுமல்ல, ஒரு நோயாளியின் எல்லாப் புற்றுசெல்லிலும் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தது. ஒருவருக்கு மூலக் கட்டியிலும் பரவிய கட்டியிலும் அதே இடம். அதாவது வைரஸ் முதலில் வந்து ஒட்டியிருக்கிறது, அதன் பிறகுதான் அந்த ஒரு செல் பெருகிக் கட்டியாகியிருக்கிறது. கட்டி வந்த பிறகு வைரஸ் வந்து குடியேறியிருந்தால் செல்லுக்கு செல் வேறு இடமாக இருந்திருக்கும். எது முன்னால் எது பின்னால் என்பதற்கு இதைவிடத் தெளிவான டைம்ஸ்டாம்ப் கிடைக்காது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அந்த வைரஸ் புரதங்களை நிறுத்திப் பார்த்தார்கள். புற்றுசெல்கள் வளர்ச்சி நின்று செத்தன. மெர்க்கல் கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த வகை. வைரஸ் இல்லாத மீதிக் கட்டிகளில் பெரும்பாலும் வெயில் ஏற்படுத்திய மரபுப் பிறழ்வுகள் குவிந்து கிடக்கின்றன.

இதுதான் அளவுகோல். இதை எடுத்துக்கொண்டு ஸ்குவாமஸ் செல் புற்றுக்கு வருவோம். சாதாரண எதிர்ப்பு சக்தி உள்ளவர்களின் கட்டிகளில் பீட்டா ஹெச்பிவி டிஎன்ஏ கிடைத்தாலும் மிகக் குறைவு. பல புற்றுசெல்களுக்குச் சேர்த்து ஒரு பிரதிகூடத் தேறாது. 2011-ல் இந்தக் கட்டிகளின் ஆர்என்ஏ முழுவதையும் படித்துப் பார்த்த சாரா ஆரன் குழுவுக்கு, இயங்குகிற ஹெச்பிவி எதுவும் கிடைக்கவில்லை. வைரஸ்தான் கட்டியை ஓட்டுகிறது என்றால் வண்டியில் டிரைவர் இருக்கவேண்டுமே?

(நகத்தைச் சுற்றி வரும் போவன் நோய் மாதிரி சில ஆரம்பநிலைப் புற்றுகளில் ஹெச்பிவி 16 உண்மையாகவே இருக்கிறது. அது ஆல்ஃபா குடும்பத்தின் கதை. அதை இதோடு குழப்பக்கூடாது.)

இங்கேதான் ஆரம்பநிலை என்ற விஷயம் வருகிறது. ஸ்குவாமஸ் புற்றுக்கு முந்தைய கட்டம் ஆக்டினிக் கெரட்டோசிஸ். வெயில் படும் நெற்றி, வழுக்கைத் தலை, புறங்கை போன்ற இடங்களில் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று வரும் சின்னத் திட்டு. பெரும்பாலானவை அப்படியே கிடக்கும், சில தானாகவே மறையும், ஒரு சிறு பங்குதான் புற்றாக மாறும். 2005-ல் ஜெர்மனியில் ஒரு குழு அளந்து பார்த்தபோது, இந்த ஆரம்பத் திட்டுகளில் ஹெச்பிவி டிஎன்ஏ-வின் அளவு, முழுப் புற்றுகளில் இருப்பதைவிட அதிகமாக இருந்தது. முன்னால் அதிகம், பின்னால் குறைவு.

இதிலிருந்து பிறந்ததுதான் அடித்துவிட்டு ஓடும் கொள்கை. வைரஸ் ஆரம்பத்தில் வருகிறது. அதன் புரதங்கள் செல்லின் டிஎன்ஏ ரிப்பேரையும், சேதமான செல் தற்கொலை செய்துகொள்ளும் ஏற்பாட்டையும் தடுக்கின்றன. அந்த நேரத்தில் வெயில் அடிக்கிறது. சாதாரணமாகச் சரியாகியிருக்கவேண்டிய, அல்லது செத்திருக்கவேண்டிய செல், பிறழ்வுகளோடு பிழைத்துக்கொள்கிறது. போதுமான பிறழ்வு சேர்ந்துவிட்டால் பிறகு வைரஸே தேவையில்லை. அது போய்விடும், புற்று தன் காலில் நிற்கும்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. குற்றம் நடந்த இடத்தில் கைரேகை இல்லை, அதுவே அவன் வந்து போனதற்கு அடையாளம் என்று சொல்வது மாதிரி இல்லையா? வைரஸ் இருந்தாலும் குற்றவாளி, இல்லாவிட்டாலும் குற்றவாளி என்றால் அதை எதைக் கொண்டு பொய்யாக்குவது? ஆனாலும் இதை அப்படியே தள்ளிவிட முடியாது. விலங்குச் சோதனைகள் நிற்கின்றன.

ஃப்ரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த மாசிமோ தொம்மாசினோவின் குழு 2018-ல் ஒன்று செய்தது. ஹெச்பிவி 38-இன் இரண்டு புரதங்கள் தோலில் வெளிப்படும்படி எலிகளை உருவாக்கினார்கள். வேண்டும்போது அந்த வைரஸ் ஜீன்களை வெட்டி எடுக்கவும் ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். புற ஊதாக் கதிர் காட்டியபோது இந்த எலிகளுக்குத் தோல் புற்று வந்தது. வைரஸ் ஜீன் இல்லாத சாதாரண எலிகள் அதே கதிரைத் தாங்கிக்கொண்டன. திட்டுகள் தோன்றிய பிறகு ஸ்விட்சைப் போட்டு வைரஸ் ஜீனை நீக்கினார்கள். கட்டி நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. கொள்கை சொன்னபடியே.

செயற்கை எலி, மரபணு மாற்றம் என்று யாராவது முகம் சுளித்தால், ஹைடெல்பெர்க்கில் மாஸ்டோமிஸ் என்ற ஆப்பிரிக்க எலியை வைத்துச் செய்தது இன்னும் இயற்கையானது. அந்த எலிக்கு அதற்கே உரிய பாப்பிலோமா வைரஸ் உண்டு, குட்டியிலேயே தொற்றிக்கொள்ளும், நமக்கு மாதிரியே. தொற்று உள்ளவை, இல்லாதவை இரண்டுக்கும் புற ஊதாக் கதிர் காட்டினால், தொற்று உள்ளவற்றுக்குத்தான் ஸ்குவாமஸ் புற்று வருகிறது. அதிலும் செல் அமைப்பு மிகவும் கெட்டுப்போன கட்டிகளில் வைரஸைத் தேடினால் கிடைப்பதே அபூர்வம்.

ஆக, வைரஸும் வெயிலும் சேர்ந்து ஆரம்பத்தில் வேலை செய்யலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, எலியில். மனிதர்களில் இதற்கு மிக நெருக்கமாக வருவது ஒரு அரிய பரம்பரை நோய். 1922-ல் லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இருவர் விவரித்த எபிடெர்மோடிஸ்பிளேசியா வெருசிஃபார்மிஸ். சிறு வயதிலிருந்து உடம்பெல்லாம் தட்டையான மருக்கள். முப்பது வயதுவாக்கில், வெயில் படும் இடங்களில் மட்டும் அவை புற்றாக மாறத் தொடங்கும். வார்சாவின் ஸ்டெஃபானியா யப்லோன்ஸ்காவும் பாரிஸின் ஜெரார் ஓர்த்தும் 1970-களில் இவர்களிடமிருந்துதான் ஹெச்பிவி 5-ஐப் பிரித்தெடுத்தார்கள். உலகளாவிய வகைப்பாட்டிலும் 5, 8 ஆகிய பீட்டா வகைகளுக்கு "புற்று உண்டாக்கக்கூடும்" என்ற பலவீனமான முத்திரைதான். அதுவும் இந்த நோய் உள்ளவர்களுக்கு என்ற நிபந்தனையோடு.

நிபந்தனையைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் இதே நிபந்தனைதான் வருகிறது. 1922-இன் நோயாளிகளுக்குப் பிறவிக் குறை. 2025-இன் பெண்ணுக்கும் பிறவிக் குறை. அடுத்த பெரிய கூட்டம், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கிவைத்திருப்பவர்கள். ஐரோப்பியக் கணக்குகளில் இவர்களுக்கு ஸ்குவாமஸ் தோல் புற்று மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகம். வைரஸ் பக்கம் வாதாடுபவர்களின் முக்கியமான சாட்சி இவர்கள்தான்.

ஆனா இந்த சாட்சியிலும் ஒரு ஓட்டை இருக்கு. இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட மருந்து அசதையோப்ரின். அது உடைந்து உருவாகும் ஒரு பொருள் டிஎன்ஏ-வுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது புற ஊதா-ஏ கதிரை உறிஞ்சி, அங்கேயே சேதத்தை உண்டாக்குகிறது. அதாவது அந்த மருந்து டி செல்லை அடக்குவதோடு நிற்காமல், வெயிலையும் பலமடங்கு ஆபத்தாக்குகிறது. வைரஸ் இல்லாமலேயே கணிசமான பங்கை இது விளக்கிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல் மாற்று நோயாளிகளைக் காட்டி "பாருங்கள், வைரஸ்" என்பது அவசரம்.

இந்த மருந்து எனக்கு ஏன் தெரியும் என்றால், என் அக்கா வீட்டுக்காரர் அதைத்தான் சாப்பிடுகிறார். ஒன்பது வருடத்துக்கு முன்பு சிறுநீரக மாற்று செய்துகொண்டவர். இந்தச் செய்தி வந்த வாரம் போன் பண்ணினார்.

"தம்பி, வெயில் இல்லையாம்ப்பா, வைரஸாம். அப்போ டாக்டர் சொன்ன தொப்பி, முழுக்கை சட்டை, அந்த கிரீம் எல்லாம் சும்மாவா?"

"இல்ல அத்தான். அந்தப் பொண்ணுக்கு வேற பிரச்சினை. உங்களுக்கு வெயில் ரொம்ப முக்கியம். வைரஸ் இருந்தாலும் வெயில் இல்லாம அது பெருசா ஒண்ணும் பண்றதில்ல. தொப்பிய விட்றாதீங்க. அடுத்த தடவை போறப்போ தோலையும் காட்டிட்டு வாங்க."

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா?"

பொய் இல்லை, அரை உண்மை என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. செய்தி எழுதியவருக்கு "நேரடியாக" என்ற சொல் ஒரு அலங்காரம். அத்தானுக்கு அது தொப்பியைக் கழற்றலாமா என்ற கேள்வி. மாற்று நோயாளி ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டால் அதன் விலை சின்னது கிடையாது.

மறுபடியும் ஆராய்ச்சிக்கு. 2019-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த விவாதத்தையே தலைகீழாகத் திருப்பியது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஷாத்மெர் தெமேரி குழு. அவர்கள் எலிகளுக்கு எலிப் பாப்பிலோமா வைரஸைக் கொடுத்து, அவை அதற்கு எதிர்ப்பு சக்தி பெற்ற பிறகு, ரசாயனத்தாலும் புற ஊதாக் கதிராலும் புற்றை வரவழைக்கப் பார்த்தார்கள். வைரஸ் பெற்ற எலிகளுக்குப் புற்று குறைவாக வந்தது! காரணம் சிடி8 டி செல்கள். வைரஸை அடையாளம் கண்டு பழகிய அந்தச் செல்கள், வைரஸ் குடியிருக்கும் ஆரம்பநிலைப் புற்றுசெல்களையும் சேர்த்துக் களையெடுக்கின்றன. அந்த டி செல்களை வேறு எலிக்கு மாற்றினால் பாதுகாப்பும் கூடவே போகிறது. மனிதத் தோலிலும் பார்த்தார்கள்: பக்கத்துச் சாதாரணத் தோலைவிடக் கட்டியில் பீட்டா ஹெச்பிவி நடமாட்டம் குறைவு. அடித்துவிட்டு ஓடினான் என்று மற்றவர்கள் படித்த அதே குறைவை, வைரஸ் இருந்த செல்களை எல்லாம் டி செல் தின்றுவிட்டது, அதற்குத் தப்பியவைதான் கட்டியாயின என்று இவர்கள் படிக்கிறார்கள்.

ஒரே டேட்டா, நேரெதிர் கதை. இதுதான் எனக்கு இந்தத் துறையில் பிடித்ததும் எரிச்சலூட்டுவதும்.

தெமேரி கட்டுரையையும் நான் முழுசாக விழுங்கத் தயாரில்லை. எலி வைரஸ் அந்த எலிகளுக்கு மரு வரவைக்கும் வைரஸ். அது கிளப்பும் எதிர்ப்பு சக்தி, நம் புருவத்தில் சத்தமில்லாமல் கிடக்கும் பீட்டா வைரஸுக்கு எதிரானதைவிடப் பலமாக இருக்கலாம். மாஸ்டோமிஸ் எலியில் தொற்று புற்றைக் கூட்டுகிறது, இங்கே குறைக்கிறது. வைரஸ் எப்போது வந்தது, எந்த மரபுவழி எலி, எதிர்ப்பு சக்தி எவ்வளவு முளைத்தது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மனிதர்களில் அவர்கள் காட்டியது ஒரு தொடர்பு மட்டும்.

இருந்தாலும் இரண்டு கட்சியும் ஒரு இடத்தில் கைகுலுக்கவேண்டியிருக்கிறது. 2015-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் நான்கு பேரின் கண்ணிமைத் தோலை, எந்த நோயும் இல்லாத தோலை, துண்டு துண்டாகப் படித்துப் பார்த்தது. ஏறக்குறைய கால்வாசி செல்களில் புற்றைத் தூண்டக்கூடிய பிறழ்வு ஏற்கெனவே இருந்தது. ஆக, வைரஸ் எல்லோரிடமும் இருக்கிறது. வெயில் தந்த பிறழ்வும் நடுவயதைத் தாண்டிய எல்லோரிடமும் இருக்கிறது. அப்படியென்றால் நமக்கும் அந்த 34 வயதுப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டிலும் இல்லை, காவல் காக்கும் டி செல்லில் இருக்கிறது. அந்தக் கட்டுரையின் தலைப்பும் டி செல் சிக்னலை மீட்டதால் புற்று மறைந்தது என்ற பொருளில்தான் இருக்கிறது. எழுதியவர்கள் தலைப்பில் வைத்தது டி செல்லை. செய்தியில் முன்னுக்கு வந்தது வைரஸ்.

அந்த சிகிச்சையை ஒரு சோதனையாகப் பார்த்தால் வேறொரு சிக்கலும் உண்டு. ஸ்டெம் செல் மாற்று என்பது ஒரு வரியைத் திருத்துவது இல்லை. மொத்த சிஸ்டத்தையும் ரீ-இன்ஸ்டால் செய்வது. புதிய டி செல்கள் வைரஸ் புரதத்தைப் பார்த்துக் கட்டியை அழித்தனவா, கட்டியின் வேறு பிறழ்வுகளையும் பார்த்தனவா என்பதை ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. மருக்களும் சேர்ந்து மறைந்தது வைரஸ் பக்கம் சாய்கிறது. டிஎன்ஏ ஒட்டியிருந்ததும், புரதம் தயாரானதும் அதே பக்கம். இந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் வைரஸ்தான் கட்டியை ஓட்டியது என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். பீட்டா ஹெச்பிவி இப்படி ஒட்டிக்கொண்டு புற்றைத் தாங்கிப்பிடிக்க முடியும் என்பதே புதிய செய்தி. "முடியும்" என்பதற்கும் "வழக்கமாகச் செய்கிறது" என்பதற்கும் இடையில்தான் செய்திகள் தடுக்கி விழுந்தன.

நம்மூர் வாசகர்களுக்கு இன்னொன்று. இந்த ஆய்வுகளில் மனிதர்கள் என்று வருபவர்கள் பெரும்பாலும் வடக்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியா, அமெரிக்காவின் வெள்ளைத் தோல்காரர்கள். இந்தியாவில் ஸ்குவாமஸ் தோல் புற்று பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது: ஆறாத பழைய தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் கிடக்கும் கால் புண், வங்காளத்தில் ஆர்செனிக் கலந்த குடிநீர், காஷ்மீரில் குளிருக்காக உடையின் உள்ளே வைத்துக்கொள்ளும் காங்கிரி கனல்சட்டி. ஆக்டினிக் கெரட்டோசிஸ் நம் தோலில் அபூர்வம். நெற்றியில் உள்ள மருவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், ரொம்ப நாள் ஆறாத புண் ஒன்று வீட்டுப் பெரியவர் காலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இன்னொரு வாட்ஸ்அப் குழுவில், "ஹெச்பிவி தடுப்பூசி போட்டா இதுவும் வராது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்போது கிடைக்கும் ஊசிகளில் அதிக வகைகளைத் தடுப்பது ஒன்பது வகைக்கானது. ஒன்பதும் ஆல்ஃபா குடும்பம். பீட்டா ஒன்றுகூட இல்லை. பெண் குழந்தைகளுக்குப் போடவேண்டிய காரணம் கருப்பைவாய்ப் புற்று, அது ஒன்றே தாராளமாகப் போதும். ஆனால் வேடிக்கை பாருங்கள். கோபன்ஹேகனில் ஆக்டினிக் கெரட்டோசிஸ் திட்டுகள் நிறைய உள்ள 70 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதே ஊசியையும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரையும் போட்டார்கள். 2025-ல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களுக்குத் திட்டுகள் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. பீட்டாவைத் தொடாத ஊசி பீட்டாவோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் திட்டை எப்படிக் குறைத்தது? குறுக்கு எதிர்ப்பு சக்தியா, ஊசி பொதுவாகவே தோலின் டி செல்களைத் தட்டி எழுப்பியதா, அல்லது 70 பேர் என்ற சின்ன எண்ணிக்கையின் விளையாட்டா? அந்தக் கட்டுரையின் துணைக் கோப்புகளை இறக்கி வைத்திருக்கிறேன். அடுத்த பதிவு அதைப் பற்றித்தான்.